பிடித்த பி.எஃப். கட்டப்படவில்லை: கட்டடச் சேவைத் துறையில் வேலைக்குச் சேரவிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற மாதம், என் கல்லூரியில் எனக்குப் பின் படித்த தம்பி ஒருவர் தமக்கு வந்திருந்த பணி நியமனக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பி, “அண்ணா, இதில் சேரலாமா?” என்று கேட்டார். கடிதத்தைத் திறந்ததுமே எனக்கு நெஞ்சு படபடத்தது. 2021 ஜூன் மாதம் எனக்குக் கொடுக்கப்பட்ட அதே கடிதம். நிறுவனத்தின் பெயரில் தொடங்கி, கடைசிப் பத்தியிலுள்ள எழுத்துப்பிழை வரை எதுவும் மாறவில்லை. ஊதியத் தொகை மட்டும் சற்றுக் கூடியிருந்தது. அவருக்குத் தொலைபேசியில் சொன்னதை, இந்தத் துறைக்கு வர நினைக்கும் மற்றவர்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். அந்த நிறுவனத்தோடு எனக்குள்ள பிணைப்பத்திரத் (சொன்ன காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதித் தரும் ‘பாண்டு’) தகராறு இன்னும் முடியாததால், வழக்கறிஞரின் சொற்படி பெயரைத் தவிர்க்கிறேன்.

ஒரு கட்டடத்துக்குக் குளிர்சாதனம், மின்சாரம், குடிநீர், கழிவுநீர், தீயணைப்புக் குழாய்கள் ஆகியவற்றை வடிவமைத்து நிறுவுவதுதான் எம்.இ.பி. என்று எல்லோரும் சொல்லும் கட்டடச் சேவைத் துறை. இயந்திரவியல் படித்துவிட்டுச் சென்னையில் வேலை தேடும் என்னைப் போன்றவர்களுக்கு இது நம்பிக்கையான வாசல். நேர்காணலில் எனக்குச் சொல்லப்பட்டது இதுதான்: முதல் 45 நாள் பயிற்சி, பிறகு வடிவமைப்புப் பிரிவில் வேலை, மூன்றாண்டுப் பிணைப்பத்திரம், அதற்குப் பின் வளைகுடா நாடுகளில் நிறுவனத்தின் திட்டங்களுக்குச் செல்லும் வாய்ப்பு. பயிற்சிக் கட்டணம் 60,000 ரூபாய். மூன்றாண்டு முடிந்ததும் திருப்பித் தரப்படும் என்றார்கள். அம்மாவின் வளையல்களை அடகு வைத்து அப்பா அந்தப் பணத்தைக் கட்டினார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையும் பட்டச் சான்றிதழையும் அசலாகவே கேட்டார்கள். மனிதவளப் பிரிவில் இருந்த அம்மையார், “எல்லாரும் கொடுத்திருக்காங்க தம்பி, பத்திரமா இருக்கும்” என்றார். கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

பயிற்சியில் ஓர் அறையின் வெப்பச் சுமையைக் கணக்கிடுவது எப்படி, ஒரு டன் குளிரூட்டல் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்ப அலகு) வெப்பத்தை வெளியேற்றுவது, அதற்கு ஏறத்தாழ நிமிடத்துக்கு 400 கன அடி காற்று தேவைப்படும் என்பது போன்ற அடிப்படைகளைச் சொல்லித் தந்தார்கள். 46ஆவது நாள் வடிவமைப்புப் பிரிவில் இடமில்லை என்று சொல்லி, பழைய மாமல்லபுரம் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அலுவலகக் கட்டடத்தின் வேலைத்தளத்துக்கு அனுப்பினார்கள். தளத்துக்கு அனுப்பியதை நான் ஏமாற்று என்று சொல்லவில்லை. வரைபடத்தில் கோடாக இருக்கும் டக்ட் (குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் தகட்டுக் குழாய்), தளத்தில் பீமின் அடியில் இடித்துக்கொண்டு நிற்பதையும், மின்கம்பிகளைத் தாங்கும் மின்தட்டு போகவேண்டிய உயரத்திலேயே தீயணைப்புக் குழாய் வந்து நிற்பதையும், அறைக்குள் குளிர்காற்றை வீசும் எஃப்.சி.யு. கருவியின் வடிநீர்க் குழாய்க்குப் போதிய சரிவு கொடுக்காததால் ஒரு மாதம் கழித்துப் பொய்க்கூரையில் ஈரக்கறை படர்வதையும் கண்ணால் பார்த்தவர்தான் பின்னாளில் நல்ல வடிவமைப்பாளர் ஆகிறார். என் ஃபோர்மேன் அண்ணன் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டின் கேஜை, அதாவது தடிமனை, கையால் தடவியே சொல்லிவிடுவார். அவரிடம் நான் கற்றதற்கு ஈடாக எந்தப் பயிற்சி வகுப்பையும் சொல்ல முடியாது.

ஏமாற்று நடந்தது சம்பளச் சீட்டில். என் மாத ஊதியம் 18,000 ரூபாய். அதில் அடிப்படை ஊதியம் 12,000. அதன் 12 விழுக்காடான 1,440 ரூபாய் வருங்கால வைப்புநிதிக்கும், மொத்த ஊதியத்தில் 0.75 விழுக்காடான 135 ரூபாய் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கும் ஒவ்வொரு மாதமும் பிடிக்கப்பட்டதாகச் சீட்டில் இருக்கும். முதல் இரண்டு மாதம் பணம் வரவு வைக்கப்பட்டதாக வைப்புநிதி அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தியும் வந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து அந்தக் குறுஞ்செய்தி நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை. ஓராண்டு கழித்து 2,000 ரூபாய் உயர்த்தினார்கள். அடிப்படை ஊதியத்தை மட்டும் தொடவில்லை.

எச்சரிக்கை எனக்கு ஒருமுறை நேராகவே வந்தது. 2022 மார்ச்சில், டக்ட் துண்டு ஒன்றைத் தூக்கி மாட்டும்போது தகட்டின் விளிம்பு என் இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது, ஏழு தையல். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் என் எண்ணைப் பார்த்த ஊழியர், நிறுவனம் என்னை வேலையை விட்டு நீங்கியவராகக் காட்டியிருப்பதாகச் சொன்னார். மனிதவளப் பிரிவைக் கேட்டபோது, அது கணினித் தவறு, சரிசெய்துவிடுகிறோம் என்றார்கள். தனியார் மருத்துவமனைச் செலவு 3,000 ரூபாயை மேலாளர் தம் கையிலிருந்து கொடுத்தார். நானும் அப்பாவும் அவருக்கு நன்றி சொன்னோம்.

சம்பளம் தள்ளிப்போகும்போதெல்லாம் “கிளையன்ட் பில் பாஸ் ஆகவில்லை” என்ற பதில்தான் வரும். அதில் உண்மை உண்டு. கட்டடச் சேவை ஒப்பந்ததாரருக்குப் பணம் வரும் வழி நீளமானது. தளத்தில் கூட்டாக அளவெடுத்து, அதுவரை முடிந்த வேலைக்கான ரன்னிங் பில் போட்டு, திட்ட மேலாண்மை ஆலோசகர் திருத்தி, உரிமையாளரின் பொறியாளர் ஒப்பமிட்டு, அதற்குப் பிறகும் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் மீதியை விடுவிப்பார்கள். ஆனால் என் சம்பளத்திலிருந்து பிடித்த 1,440 ரூபாய் அந்த பில்லுக்காகக் காத்திருக்க வேண்டிய பணம் அன்று. ஒரு மாதத்துக்கான வைப்புநிதியை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஊழியரிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வதை நம் நாட்டுக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே கருதுகிறது.

இன்றும் என்னைத் தூங்கவிடாத ஒன்று உண்டு. ஒப்பந்ததாரரின் தொழிலாளர்களுக்கு வைப்புநிதி கட்டப்படாவிட்டால் அந்தப் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரையும், அதாவது கட்டட உரிமையாளரையும், சேரும் என்பதால், ஒவ்வொரு பில்லோடும் வைப்புநிதிச் சலானையும், பணம் கட்டப்பட்டோரின் பெயர்ப் பட்டியலையும் இணைக்கச் சொல்வார்கள். எங்கள் தளத்தில் அந்தக் காகிதங்களை அடுக்கி, பஞ்ச் செய்து, பில்லோடு கோத்து அனுப்பியவன் நான்தான். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், மாதம் தவறாமல் அந்தப் பட்டியல் என் கைவழியே போயிருக்கிறது. அதில் என் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறைகூட நான் புரட்டிப் பார்க்கவில்லை.

26 மாதம் முடிந்து, 2023 ஜூலை இறுதியில் விலகினேன். இதைவிடப் பெரிய நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பிரிவிலேயே இடம் கிடைத்திருந்தது. அங்கே பின்னணிச் சரிபார்ப்பு என்று என் யு.ஏ.என். (வைப்புநிதிக் கணக்குக்கான நிரந்தர எண்) எண்ணின் பணி வரலாற்றைக் கேட்டார்கள். அதைப் பதிவிறக்கிய அன்றுதான், இரண்டே மாதம் பணம் கட்டிவிட்டு, 2021 ஜூலை 31ஆம் தேதியோடு நான் வேலையை விட்டுவிட்டதாக நிறுவனம் பதிந்திருப்பதைக் கண்டேன். இரண்டாண்டு அனுபவம் என்று நான் சொன்னது அவர்கள் பார்வையில் பொய்யாகிப் போனது. சம்பளச் சீட்டுகளைக் காட்டினேன். சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பழைய நிறுவனத்திடமிருந்து அனுபவச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்றார்கள். பழைய நிறுவனமோ, பிணைப்பத்திரத்தை மீறியதற்கு 1,50,000 ரூபாய் கட்டினால்தான் அனுபவச் சான்றிதழும் அசல் சான்றிதழ்களும் தருவோம் என்றது. கைக்கு வந்த வேலை இரண்டு வாரத்தில் போய்விட்டது.

நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கு நிறுவனத்தின் பதிவேட்டில் சான்று இல்லை. அந்தக் கட்டடத்தின் காகிதங்களில் இருந்தது. உரிமையாளரின் பாதுகாப்புப் பிரிவு கொடுத்த, தேதியிட்ட நுழைவு அட்டை. நான் கையெழுத்திட்ட கூட்டு அளவீட்டுத் தாள்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தீயணைப்புத் தெளிப்பான் குழாய்களுக்கான நீர் அழுத்தச் சோதனை அறிக்கை. ஐந்தாம் தளத்தில் 14 பார் அழுத்தம் ஏற்றி, 2 மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று டார்ச் அடித்தபடி நானும் ஆலோசகரின் பொறியாளரும் நின்றோம். முள் அசையவில்லை. இருவரும் கையெழுத்திட்டோம். முதன்முதலில் தனியாகச் செய்த சோதனை என்ற மகிழ்ச்சியில் அந்தத் தாளைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். 2022 நவம்பர் தேதியிட்ட அந்தப் படம்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

வைப்புநிதி அமைப்பின் குறைதீர்ப்புத் தளத்தில் அக்டோபரில் புகார் பதிந்தேன். சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், நுழைவு அட்டை, சோதனை அறிக்கை ஆகிய நான்கையும் இணைத்தேன். முதல் பதிலில், நிறுவனத்திடம் விளக்கம் கேட்டுள்ளோம் என்று சொல்லிப் புகாரை முடித்துவைத்தார்கள். மறுபடி பதிந்தேன், அலுவலகத்துக்கு நேரிலும் மூன்று முறை போனேன். விசாரணைக்கு அழைக்கப்பட்ட பிறகு, 2024 ஜூன் மாதம் 24 மாதத்துக்கான தொகை என் கணக்கில் ஏறியது. என் பங்காகப் பிடிக்கப்பட்டது மட்டுமே 34,560 ரூபாய். வெளியேறிய தேதியைத் திருத்த இன்னும் மூன்று மாதம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் 16,000 ரூபாய்க்கு ஒரு வரைவாளர் வேலையில், அனுபவமற்றவன் என்ற கணக்கில் சேர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அசல் சான்றிதழ்கள் வழக்கறிஞரின் நோட்டீசுக்குப் பிறகு வந்தன. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில், கோப்பில் கோப்பதற்காகப் போட்ட இரண்டு துளைகள் இருக்கின்றன. பயிற்சிக் கட்டணம் 60,000 வரவே இல்லை.

பிணைப்பத்திரம் எதுவுமே செல்லாது, பயப்படாமல் கையெழுத்துப் போடு என்று நண்பர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், பொதுத்துறை வங்கி ஒன்று விதித்த 2 லட்சம் ரூபாய்ப் பிணைத்தொகை செல்லும் என்றே தீர்ப்பளித்திருக்கிறது. அதேவேளை, எழுதிய தொகை முழுவதும் தானாகவே நிறுவனத்துக்குச் சேர்ந்துவிடாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது என்பதைச் சொல்லித்தான் என் வழக்கறிஞர் பதில் அனுப்பியிருக்கிறார். இன்றுவரை அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

தம்பியிடம் நான் சொன்னவை இவை. வேலை கொடுப்பவர் உன்னிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடு. சான்றிதழ்களை அசலாகக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. சேர்வதற்கு முன்பே வைப்புநிதித் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பணம் கட்டியிருக்கிறார்கள் என்ற விவரம் தெரியும். நூறு பேர் வேலை செய்வதாகச் சொல்லும் நிறுவனம் பதினைந்து பேருக்கே கட்டியிருந்தால் மீதிப் பேரில் ஒருவனாகத்தான் நீ இருப்பாய். சேர்ந்த பிறகு, குறுஞ்செய்தியை நம்பாமல், ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்கு மேல் அரசின் உமங் செயலியில் வைப்புநிதி பாஸ்புக்கைத் திறந்து பார். எனக்கு நின்றது மூன்றாம் மாதம்; அன்றே கேட்டிருந்தால் இரண்டாண்டு போயிருக்காது. நீ கையெழுத்திடும் ஒவ்வொரு அளவீட்டுத் தாளையும் சோதனை அறிக்கையையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்.

அசல் சான்றிதழ்களைத் தாமே வைத்துக்கொள்ளலாமா என்று தம்பி அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒன்பது நாளாகிறது. பதில் வரவில்லை, அவரும் இன்னும் சேரவில்லை.