ரயிலில் எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட்டை எங்கே காட்டுவது நல்லது?

பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் லண்டன் ரயிலுக்கு மாடி ஏறினால் முதலில் பிரெஞ்சு அதிகாரி, நாலடி தள்ளி பிரிட்டிஷ் அதிகாரி. இரண்டாவது கூண்டைத் தாண்டியதுமே பிரிட்டனுக்குள் நுழைவதற்கான பாஸ்போர்ட் சோதனை முடிந்துவிடுகிறது, கால் மட்டும் இன்னும் பாரிஸில். பத்து நிமிட நடையில் லாச்சப்பல் என்ற தமிழ்க் கடைத்தெரு. அங்கே காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கும் நம்மவர்களை எந்த விடுமுறை நாளிலும் பார்க்கலாம்.

ரயில் ஏறுமுன்பே இரு நாட்டுச் சோதனையும் முடிவது ஒரு முறை. நடுவழியில் எல்லை நிலையத்தில் எல்லோரையும் இறக்கிச் சோதிப்பது இன்னொன்று. ஓடும் ரயிலுக்குள்ளேயே அதிகாரி இருக்கை இருக்கையாக வருவது மூன்றாவது. என் அம்மாவுக்கு மூட்டுவலி. அவரோடு பயணம் செய்யும் எனக்கு இதில் ஒரே அளவுகோல்தான்: பெட்டியை எத்தனை முறை தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

அந்தக் கணக்கில் மோசமானது நடுவழியில் இறங்குவது. கொல்கத்தா–டாக்கா மைத்ரி எக்ஸ்பிரஸ் 2008 ஏப்ரலில் ஓடத் தொடங்கியபோது இந்தியப் பக்கம் கெதே, வங்கதேசப் பக்கம் தர்ஷனா என்று இரண்டு இடத்திலும் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டும். 400 கிலோமீட்டர்கூட இல்லாத பயணத்தில் மணிக்கணக்காக நேரம் இதற்கே போனது. 2017 நவம்பரில் சோதனையைக் கொல்கத்தா நிலையத்துக்கும் டாக்கா கன்டோன்மென்ட் நிலையத்துக்கும் மாற்றினார்கள். பயணம் சுமார் மூன்று மணி நேரம் குறைந்தது. தண்டவாளமும் மாறவில்லை, வேகமும் கூடவில்லை, மேசையை இடம் மாற்றியது மட்டும்தான். (2024 ஜூலையில் அந்த ரயிலே நின்றுபோனது தனி வருத்தம்.)

அப்படியானால் ஏறுமுன் சோதிப்பதே எங்கும் நல்லதா? லண்டன்–பாரிஸ் தடத்தில் ஆம் என்பேன். லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தில் போய் இறங்கினால் பாஸ்போர்ட் வரிசை கிடையாது, சுங்கப் பாதையைக் கடந்தால் நேரே தெருவுக்கு வந்துவிடலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. ரயில் கிளம்ப அரை மணிக்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள், ஓடிவந்து ஏறுகிற கதையெல்லாம் நடக்காது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களிடம் ஐரோப்பிய ஒன்றியம் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை 2025 அக்டோபரில் தொடங்கிவிட்டதால் லண்டன் பக்கத்தில் இன்னும் முன்கூட்டியே போவது நல்லது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் லண்டன் வருகிற சொந்தக்காரர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஈடிஏ என்ற மின்அனுமதி கட்டாயம். கல்யாணத்துக்கு அழைக்கும்போதே இதையும் சொல்லிவிடுங்கள்.

பெரிய குறை வேறு. சோதனைக்கூடம் உள்ள நிலையத்தில் ஏறினால்தான் இந்த வசதி. 2015-இல் லண்டனிலிருந்து தெற்குப் பிரான்ஸின் மார்செய்க்கு நேரடி ரயில் விட்டார்கள். போகும்போது சுகமான பயணம். திரும்பும்போது வடக்குப் பிரான்ஸின் லீல் நிலையத்தில் எல்லோரும் பெட்டிகளோடு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏற வேண்டும். அந்த ரயில் இப்போது இல்லை. ஆம்ஸ்டர்டாமிலும் இதே கதை. 2018-இல் லண்டனிலிருந்து நேரடி ரயில் வந்தது, ஆனால் அங்கிருந்து திரும்புவோர் பிரஸ்ஸல்ஸில் இறங்கி மாற வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

சுங்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். லாச்சப்பலில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் லண்டனுக்குப் போகக்கூடாது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, பால் பொருட்கள் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பயணிகள் கொண்டுவர 2025 ஏப்ரல் 12 முதல் பிரிட்டனில் தடை. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொண்டுபோகும் இறைச்சிக்கும் பாலுக்கும் 2021-லிருந்தே தடை. ஆசையாகக் கட்டிக்கொடுத்ததைக் குப்பையில் போடுவது மனசுக்குக் கஷ்டம். ரயிலுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

ஓடும் ரயிலில் சோதனை என்றால் சுவிட்சர்லாந்துத் தடங்கள் நல்ல உதாரணம். அந்த நாடு 2008 டிசம்பரில், தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்துக்குள் வந்தது, ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் மட்டும் சேரவில்லை. அதனால் பாஸ்போர்ட்டை யாரும் கேட்காமலே போய்விடலாம், ஆனால் பையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஜெர்மனிக்குப் போய் இறைச்சி வாங்கி வருவோருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 1 கிலோதான் வரியில்லாமல் அனுமதி. பொருட்களுக்கான வரிவிலக்கு வரம்பும் 2025 முதல் 300 பிராங்கிலிருந்து 150 ஆகிவிட்டது. ஜெர்மனியோ 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது, எனவே பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். அம்மாவின் மூட்டுக்கு இந்த முறைதான் சொர்க்கம், உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிகிறது. ஆனால் யாரைக் கேட்பது, யாரை விடுவது என்பது அதிகாரி கையில். ஒருமுறை, எந்த எல்லை என்பது வேண்டாம், நாற்பது பேர் இருந்த பெட்டியில் எங்கள் இருக்கையில் மட்டும் நின்று கேட்டார்கள். அம்மா பாஸ்போர்ட்டை எடுக்கும்போது கை நடுங்கியது. அதற்கப்புறம், எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கும் முறை மேல் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் (ஜேபி) இடையிலான ரயிலில், ஏறுமுன்பே இரண்டு சோதனையும் முடிவதையும், ஏறும் இடத்தில் ஒன்று இறங்கும் இடத்தில் ஒன்று என்று நடப்பதையும் ஒரே தடத்தில் பார்க்கலாம். ஷட்டில் தெப்ராவ் என்ற அந்த ரயிலில் ஐந்தே நிமிடப் பயணம். போகும்போது உட்லண்ட்ஸிலேயே சிங்கப்பூர், மலேசியா இரண்டு சோதனையும் முடிந்துவிடும், ஜேபி சென்ட்ரலில் இறங்கி நேரே நடக்கலாம். வரும்போது மலேசியச் சோதனை ஜேபியில், சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸில். ஒரு ரயில் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கி வரிசைக்கு விரைகிறது, வயதானவர்கள் தானாகக் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள். இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் இரு நாட்டு இணைய வருகைப் படிவங்களையும் முன்பே நிரப்பியிருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருவோருக்கு மதுவில் வரிவிலக்கு கிடையாது, சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது.

ஜேபியின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே கட்டப்படும் ஆர்டிஎஸ் என்ற புதிய ரயிலில் இரு திசையிலும் ஏறும் நிலையத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கியதும் அம்மாவை ஜேபி கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, இறங்கிய பிறகு நிற்க வரிசையே இருக்காது.