ஹைடியா, சுவிஸ் ராபின்சனா? பிள்ளைகளோடு ஒரு மாத வாசிப்பு

மே மாதக் கடைசியில் பெர்ன் நகரத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போவதாக முடிவானது. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. "சுவிட்சர்லாந்தில் என்ன இருக்கும்?" என்று கேட்டேன். "பனி, சாக்லேட், சினிமாவில் டூயட் பாடுவாங்களே அந்த இடம்" என்றார்கள். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஊருக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு மாதம் கையில் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் ஒரு கதைப் புத்தகம், அதை ஒட்டி அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் என்று திட்டம் போட்டேன்.

எந்தப் புத்தகம் என்பதுதான் கேள்வி. சுவிஸ் பழங்கதை வீரன் வில்லியம் டெல்லை முதலிலேயே தள்ளி வைத்தேன். மகன் தலையில் ஆப்பிள், அப்பா கையில் வில் என்ற காட்சி ஒரு ராத்திரிக்குப் போதும், ஒரு மாதத்துக்கு வராது. மிச்சம் இருந்தவை இரண்டு: யோஹானா ஸ்பீரியின் 'ஹைடி', யோஹான் டேவிட் வீஸின் 'சுவிஸ் ஃபேமிலி ராபின்சன்'. இரண்டையும் தொடங்கிப் பார்த்தோம். நிலைத்தது ராபின்சன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஹைடியிடம் அதில் இல்லாத ஒன்று உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹைடி முதல் பாகம் வெளிவந்தது 1880இல். தாத்தாவோடு வாழ வரும் ஹைடி என்ற சிறுமியின் கதை இது. நடப்பது மாயென்ஃபெல்டு என்ற ஊருக்கு மேலே உள்ள ஆல்ப்ஸ் மலைச் சரிவில். வைக்கோல் படுக்கை, நெருப்பில் வாட்டிய பாலாடைக்கட்டி, ஆட்டுப்பால், மாலையில் தீப்பிடித்ததுபோல் சிவக்கும் சிகரங்கள் என்று நாடு முழுக்கப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. பெற்றோர் தனியாகத் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் அதிகமில்லை. பிறகு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் பணக்கார வீடு ஒன்றுக்கு அனுப்பப்படும் ஹைடி, ஊரில் ஆடு மேய்க்கும் பீட்டரின் பார்வையற்ற பாட்டிக்குக் கொடுப்பதற்காக வெள்ளை ரொட்டிகளைத் துணி அலமாரியில் சேர்த்து வைப்பாள். ஒருநாள் அது கண்டுபிடிக்கப்பட்டு எல்லாம் குப்பைக்குப் போகும். அந்த இடத்தில் என் மகள் அழுதுவிட்டாள். ஊர் ஏக்கத்தில் ஒரு குழந்தை தூக்கத்தில் நடப்பதை வேறு எந்தக் கதையிலும் நான் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்ததில்லை. 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லையே 1688இல் பாசல் பல்கலைக்கழகத்தில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர்தான் உருவாக்கினார், ஊரை விட்டு வெளியே போனவர்களுக்கு வந்த நோய்க்குப் பெயராக. அந்நிய ராஜாக்களுக்குக் கூலிப்படையாகப் போவது சுவிஸ்காரர்களின் பிழைப்பாக இருந்த காலம் அது. ஹைடியின் தாத்தாவும் நேப்பிள்ஸ் படையில் இருந்தவர் என்று கதையில் வரும்.

இவ்வளவு இருந்தும் ஒரு வாரத்தில் வேகம் குறைந்தது. பிள்ளைகள் ரசித்தார்கள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. மலை, ஆடு, பால் எல்லாம் அவர்கள் ஏற்கெனவே மனதில் வைத்திருந்த படம்தான். அதற்கு இன்னும் கொஞ்சம் வண்ணம் பூசியதுபோல் ஆயிற்று.

ராபின்சனில் நிலைமை நேர் எதிர். புத்தகத்துக்குள் சுவிட்சர்லாந்தே கிடையாது. கப்பல் பாறையில் மோதுகிறது, மாலுமிகள் படகில் ஏறிப் போய்விடுகிறார்கள். அப்பா, அம்மா, நான்கு மகன்கள் மட்டும் மிச்சம். மரத்தொட்டிகளைச் சேர்த்துப் படகு கட்டி வெப்பமண்டலக் கரை ஒன்றில் இறங்குகிறார்கள். அங்கே பென்குயினும் கங்காருவும் ஒன்றாகத் திரிகின்றன. எழுதியவர் பெர்ன் பேராலயத்துப் பாதிரியார். தன் நான்கு மகன்களுக்குச் சொன்ன கதையை ஒரு மகன் செப்பனிட்டு 1812இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். 'ராபின்சன்' என்பது அந்தக் குடும்பத்தின் பெயரே இல்லை. 1719இல் வந்த ராபின்சன் குரூசோவைப் பார்த்து வைத்த தலைப்பு. புத்தகத்தைத் திருத்திய மகன் யோஹான் ருடால்ஃப் வீஸ் எழுதிய பாட்டுதான் 1961 வரை சுவிஸ் தேசிய கீதமாகப் பாடப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல தகவல். மெட்டு பிரிட்டிஷ் கீதத்தின் மெட்டேதான்.

நாடு புத்தகத்தில் இல்லாததுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. மூன்றாம் நாளே மகன் கேட்டான்: "இவங்க எதுல சுவிஸ்?" ஹைடியில் அவனுக்கு வராத கேள்வி இது. பதிலை ஒவ்வொரு ராத்திரியும் நாங்கள் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்தது எதையும் இன்றுவரை இரண்டு பேரும் மறக்கவில்லை. என் கணக்கில் இந்த ஒரு விஷயமே முடிவு செய்துவிட்டது.

கதையில் அம்மாவிடம் ஒரு பை இருக்கும். கப்பலிலிருந்து இறங்கும்போதே அதைத் தூக்கி வருவாள். ஊசி வேண்டுமா, நூல் வேண்டுமா, விதை வேண்டுமா, எது கேட்டாலும் அதிலிருந்து வரும். பிள்ளைகளுக்கு அது மந்திரப் பை. அன்று நான் சொன்னது சுவிஸ் அரசாங்கம் தன் மக்களுக்குத் தரும் அறிவுரை: ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறைய ஒரு வாரச் சாப்பாடு, ஆளுக்கு 9 லிட்டர் தண்ணீர், டார்ச், பேட்டரியில் ஓடும் ரேடியோ, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி இருக்கட்டும். மகன் உடனே கணக்குப் போட்டான். "நாலு பேருக்கு 36 லிட்டர். கிட்டத்தட்ட ரெண்டு வாட்டர் கேன்!" அடுத்த நாள் காலையில் படிக்கட்டு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் அவல், வெல்லம், இரண்டு மெழுகுவர்த்தி, என் பழைய டார்ச். பெட்டி மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'அம்மா பை' என்று எழுதியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் பெர்ன் அக்காவிடம் வீடியோ அழைப்பில் இதைச் சொன்னபோது, போனைக் கையில் பிடித்தபடியே அடித்தளத்துக்கு இறங்கிப் போனார். கான்கிரீட்டில் ஒரு கதவு, ஒரு சாண் தடிமன் இருக்கும். போர் வந்தால் தஞ்சம் புக, குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் பதுங்கிடம் வேண்டும் என்று 1960களில் சட்டம் போட்ட நாடு அது. மக்கள்தொகையைவிடப் பதுங்கிடங்களில் இடம் அதிகம். அக்கா வீட்டுப் பதுங்கிடத்தில் இப்போது சைக்கிளும் பொன்னி அரிசி மூட்டையும் இருக்கின்றன. "மந்திரப் பைக்கு ஒரு ரூமே கட்டியிருக்காங்க பெரியம்மா" என்றான் மகன்.

உப்பும் இப்படித்தான் வந்தது. குடும்பம் பாறையைக் குடைந்துகொண்டு போகும்போது, உள்ளே உப்புப் படிகம் மின்னும் குகை திறக்கும். பின்னால் அதுவே மழைக்கால வீடு. வோ மாநிலத்தில் பெக்ஸ் என்ற இடத்தில் நிஜமாகவே உப்புச் சுரங்கம் உண்டு, இன்றும் உப்பு எடுக்கிறார்கள், சின்ன ரயிலில் உள்ளே கூட்டிப் போவார்கள். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது: மாட்டுக்கு உப்பு, பாலாடைக்கட்டிக்கு உப்பு, உப்பு விற்கும் உரிமை மாநில அரசுகளிடம் மட்டும் இருப்பது. கடலே இல்லாத நாட்டில் ஒருவர் ஏன் கடல் கதை எழுதினார் என்று மகள் கேட்டாள். பதிலாக, 1941 முதல் சுவிஸ் கொடியோடு கடலில் கப்பல்கள் ஓடுவதையும் அவற்றின் பின்புறத்தில் துறைமுகப் பெயராக 'பாசல்' என்று எழுதியிருப்பதையும் சொன்னேன். பாசல் ரைன் ஆற்றங்கரை ஊர். அவள் அட்லஸை எடுத்து ஆற்றோடு விரலை நகர்த்தி, கடல் வரைக்கும் போய்ப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. எதைப் பார்த்தாலும் சுட்டுவிடுகிறார்கள், என் மகளுக்கு அது பிடிக்கவேயில்லை. போதனை அதிகம், சில பக்கங்களை நான் தாண்டிவிட்டேன். முடிவெல்லாம் அப்பா எடுப்பார், அம்மா சமைப்பாள். இதை மறைக்காமல் பேசினோம். அந்த நாட்டில் பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் ஓட்டுரிமை வந்தது 1971இல்தான். அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தின் உள்ளூர்த் தேர்தலுக்கு 1990இல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. மகள் நோட்டில் இரண்டு வருடத்தையும் எழுதி வைத்துக்கொண்டாள்.

பதிப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். பிரெஞ்சில் இசபெல் தெ மோந்தோலியூ கதையை நீட்டினார், ஆங்கிலத்தில் ஆளாளுக்கு வெட்டியும் ஒட்டியும் இருக்கிறார்கள். நான் பயன்படுத்தியது கிங்ஸ்டனின் 1879ஆம் வருட ஆங்கில வடிவம். பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பிள்ளைகளே தனியாகப் படிப்பதற்கு அந்த மொழி கனம்தான்.

பெற்றோருக்கு வேலை அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஹைடிக்கு நான் தயாரானதே இல்லை. ராபின்சனுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் கிடைக்காத வீட்டில் ஹைடிதான் சரி. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் ஹைடியே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நான் பார்த்தது என் இரண்டு பிள்ளைகளை மட்டும்தான்.

கதை முடிவில் ஒரு கப்பல் வரும். அந்த இடத்துக்குப் 'புதிய சுவிட்சர்லாந்து' என்று பெயர் வைத்துவிட்டு, மகன்களில் இருவர் ஐரோப்பா திரும்புவார்கள், இருவர் பெற்றோரோடு தங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து சண்டை. பெர்ன் போனதும் அதையே அக்கா மகளிடம் கேட்டார்கள். அங்கேயே பிறந்தவள், பதினான்கு வயது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் போகவும் இல்லை, தங்கவும் இல்லையே, இங்கதானே பொறந்தேன்" என்றாள்.

ஹைடியின் இரண்டாம் பாகத்தைக் காலாண்டு விடுமுறைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். மகள் கேட்டாள்.