யாருக்கும் நினைவில்லாத உடன்படிக்கை: ‘அலஸ்து’ வசனம் பற்றிய மாறுபட்ட விளக்கங்கள்

குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயம், 172ஆம் வசனம்: ஆதமுடைய மக்களின் முதுகுகளிலிருந்து அவர்களின் சந்ததிகளை வெளியாக்கிய அல்லாஹ், “நான் உங்கள் இறைவன் அல்லவா?” (அரபியில் ‘அலஸ்து பிரப்பிகும்’) என்று கேட்கிறான், “ஆம், சாட்சி கூறுகிறோம்” என்கின்றனர் அவர்கள். மறுமையில் “இதை நாங்கள் அறியாதிருந்தோம்” என்று யாரும் சொல்லாதிருக்கவே இந்தச் சாட்சியம் என்றும் வசனம் காரணம் கூறுகிறது. ஆனால் யாருக்குமே நினைவில்லாத ஒரு வாக்கு யார்மீதும் எப்படிச் சான்றாகும்? விளக்கங்கள் பிரிவது இந்தக் கேள்வியில்தான்.

குர்ஆன் உரையாசிரியர் தபரி (இறப்பு 923) திரட்டியுள்ள அறிவிப்புகளைச் சார்ந்தோர் இதை நிகழ்ந்த சம்பவமாகவே கொள்கின்றனர். நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழிவரும் செய்தியின்படி, மக்காவுக்கு அருகிலுள்ள அரஃபாவை அடுத்த நஃமானில் ஆதமின் சந்ததி முழுவதும் சிற்றெறும்புகளைப் போலப் பரப்பப்பட்டு வாக்குப் பெறப்பட்டது. மறந்ததை நினைவூட்டவே நபிமார்கள் வந்தார்கள் என்பது இவர்களின் விடை.

பகுத்தறிவுக்கு முதன்மை தந்த முஃதஸிலா பிரிவின் அறிஞர் ஸமக்‌ஷரீக்கு (இறப்பு 1144) இது உருவகம். வானமும் பூமியும் “விரும்பியே வந்தோம்” என்று கூறியதாக வரும் வசனத்தைப் போன்றதே இதுவும். அறிவும் படைப்பின் சான்றுகளும் மனிதனை ஒப்புக்கொள்ள வைப்பதையே கேள்வியும் பதிலுமாகக் காட்டுகிறது என்பார் அவர்.

இவ்விரண்டுக்கும் இடையில், ‘ஃபித்ரத்’ எனப்படும், மனிதன் பிறக்கும்போதே கொண்டுவரும் இறைவனை அறியும் இயல்பே அந்தச் சாட்சியம் என்ற கருத்தை உரையாசிரியர் இப்னு கஸீர் (இறப்பு 1373) எடுத்துரைக்கிறார். வசனம் ‘ஆதமின் முதுகிலிருந்து’ என்னாமல் ‘ஆதமுடைய மக்களின் முதுகுகளிலிருந்து’ என்று பன்மையில் கூறுவது, தலைமுறை தலைமுறையாக மனிதர் பிறந்துவருவதைச் சுட்டுவதாகப் பொருந்துகிறது. அதைவிட வலுவானது இன்னொரு வாதம்: நபிமார்கள் சொல்லித்தான் அந்த வாக்கு நமக்குத் தெரியவரும் என்றால், சான்றாவது நபிமார்களின் சொல்லே அன்றி வாக்கு அன்று, வசனமோ வாக்கையே தனிச் சான்றாக நிறுத்துகிறது. எனக்கு இந்த விளக்கமே வசனத்தின் சொற்களுக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. எனினும் ‘கூறினர்’ என்ற இறந்தகால வினையை, வாயால் சொன்னதாக அன்றி நிலையால் உணர்த்தியதாகக் கொள்ள வேண்டிய நெருக்கடி இதற்கும் உண்டு.

ஷியா மரபில், அல்காஃபி போன்ற ஹதீஸ் தொகுப்புகளின் அறிவிப்புகள் இமாம்களின் விலாயத்தையும் (ஆன்மிகத் தலைமையையும்) அந்த உடன்படிக்கையோடு இணைக்கின்றன. ஆயினும் அம்மரபின் ஷெய்க் முஃபீத் (இறப்பு 1022) நேர்ப்பொருளை ஏற்கவில்லை.

சூஃபிகள் கேள்வியையே மாற்றிவிடுகின்றனர். பக்தாதின் ஜுனைத் (இறப்பு 910) இந்த வசனத்தில் சான்றைத் தேடவில்லை. மனிதனுக்கெனத் தனி இருப்பு இல்லாதிருந்த நிலையில், இறைவனே அவனுக்காகப் பதில் கூறிய தருணம் அது. தன்னை இறைவனில் கரைத்துக்கொள்ளும் ‘ஃபனா’ என்பது அந்நிலைக்குத் திரும்புவது. அமைதியாக இருப்பவர் இனிய இசையைக் கேட்டதும் கலங்குவது ஏன் என்ற கேள்விக்கு, அந்த முதல் அழைப்பின் இனிமை உயிரில் கிளர்ந்தெழுவதால்தான் என்று அவர் கூறியதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. மற்றவர்கள் மறதிக்குச் சமாதானம் கூற, ஜுனைத் மட்டும் மனிதர் அதை முழுமையாக மறக்கவில்லை என்கிறார்.