கய்யாலைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல ஒரு சாண்: ஐல் ஆஃப் மேன் டிடி படம் பாத்த கதை

மொதல்லயே சொல்லிப்போடுதேன், இந்தப் படத்த போன்ல பாக்காதீங்க. நான் ரெண்டு வருஷம் முன்னாடி குலசேகரத்துல இருந்து நாகர்கோயில் போற பஸ்ல ஜன்னல் சீட்டுல ஒக்காந்து, காதுல ஹெட்செட்ட மாட்டிட்டு பாத்தேன், அரை மணிக்கூர்ல தூங்கிட்டேன். என்னத்த பெரிய ரேஸு, ஒருத்தன் தனியா ஓட்டுதான், இன்னொருத்தன் தனியா ஓட்டுதான், முட்டி மோதக்கூட இல்லன்னு தோணிச்சு. அதே படத்த போன மாசம் வீட்டு மாடியில ஒம்பது அடி அகலத்துல பாத்தேன் மக்கா, இன்னும் காதுக்குள்ள அந்த சத்தம் கெடக்கு.

படம் பேரு 'டிடி3டி: க்ளோசர் டு தி எட்ஜ்'. 2011ல வந்தது, 2010ல நடந்த ஐல் ஆஃப் மேன் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) பைக் ரேஸ பத்தின டாக்குமெண்டரி, டைரக்டர் ரிச்சர்ட் டி அராக்ஸ். தியேட்டர்ல த்ரீடியில விட்டது, நமக்கு கெடச்சது சாதா காப்பிதான், அதனால த்ரீடி எப்பிடின்னு எங்கிட்ட கேக்காதீங்க.

பாத்த விதத்தையும் சொல்லணும்லா. துபாய்ல இருந்து லீவுல வந்த சித்தி மோன் ஒரு புரொஜெக்டர் கொண்டு வந்திருந்தான். எடவப்பாதி மழை கொட்டுது, வெளிய போக வழியில்ல. மாடியில ரப்பர் ஷீட் காயப்போடுத தகரக் கொட்டகைக்குள்ள அப்பாக்க ரெட்டை வேட்டிய இழுத்து கட்டி, சர்ச்சு திருநாளுக்கு மைக் செட் போடுதவரு ஒருத்தர்ட்ட கெஞ்சி ஒரு ஸ்பீக்கர் பெட்டிய வாங்கி வச்சோம். புரொஜெக்டர் சுமார்தான், கருப்பு எல்லாம் சாம்பலா தெரியுது, ஃபேன் சத்தம் வேற. ஆனா அந்தப் பெட்டி இருக்கே, முதல் வண்டி ஸ்டார்ட் ஆனப்ப கயித்துல தொங்கின ஷீட்டு ஆடிச்சு. கீழ மரச்சீனி வேக வச்சிட்டிருந்த அம்மா மேல ஓடி வந்தாவ, என்னத்தலே உடைச்சீங்கன்னு.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் விவரம். ஐல் ஆஃப் மேன்ங்குது இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல கடலுக்குள்ள கெடக்க சின்னத் தீவு. பிரிட்டன்ல அந்தக் காலத்துல மணிக்கு 20 மைலுக்கு மேல வண்டி ஓட்டக்கூடாதுன்னு சட்டம், ரேஸுக்கு ரோட்ட அடைக்கவும் விடமாட்டாங்க, இந்தத் தீவுக்கு தனி பார்லிமெண்ட் இருக்கதுனால அவங்க ரோட்ட அடைச்சுக்கலாம்னு சட்டம் போட்டாங்க. அப்பிடி 1907ல தொடங்கினதுதான் டிடி. இப்ப ஓட்டுத மலை கோர்ஸ் ஒரு ரவுண்டு 60 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, ஏறக்குறைய நாகர்கோயில்ல இருந்து திருவனந்தபுரம் போற தூரம்னு வச்சுக்கோங்க. நமக்கு பஸ்ல ரெண்டு மணிக்கூர், மார்த்தாண்டத்துல மாட்டினா அதுக்கும் மேல. 2023ல பீட்டர் ஹிக்மேன்னு ஒருத்தர் அந்தத் தூரத்த பதினேழு நிமிஷத்துக்குள்ள சுத்தி வந்தாரு, சராசரி வேகமே மணிக்கு 219 கிலோமீட்டர். சராசரிய சொல்லுதேன், உச்ச வேகம் இல்ல. வளைவு மட்டும் இருநூறுக்கு மேல.

இது ரேஸ் டிராக் இல்ல, ஊரு ரோடு. மத்த நாள்ல பஸ்ஸும் பால் வண்டியும் போற ரோடு. ரெண்டு பக்கமும் கருங்கல் மதிலு, மண்ணும் கல்லும் அடுக்கி மேல புல்லு மொளச்ச கரை, நம்மூரு கய்யாலை அப்பிடியே. இதாக்கும் எனக்கு இந்தப் படம் வேற மாதிரி பிடிச்சதுக்கு காரணம். மோட்டோஜிபின்னு டிராக்குல நடக்க பைக் ரேஸ பாத்தா அகலமான ரோடு, விழுந்தா சரல்ல உருண்டு எழும்பி தூசி தட்டிட்டு போவான், பாக்க அழகா இருக்கும், ஆனா நமக்க வாழ்க்கையில அப்பிடி ஒரு ரோடு கெடையாது. கய்யாலை ஓரமா வண்டி ஓட்டுறது எப்பிடின்னு பேச்சிப்பாறை பக்கத்து பயலுவளுக்கு சொல்லித் தரணுமா? நாப்பதுல போனாலே சில வளைவுல தோள் உரசும். அதே மாதிரி மதிலு ஓரமா ஒருத்தன் 250ல தலைய சாய்ச்சிட்டு போறத பாத்தா வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது.

இனி கேமரா விஷயம், இதத்தான் நான் நல்லோணம் சொல்லணும்னு நெனச்சேன். வண்டியில கட்டின கேமராதான் த்ரில்லுன்னு எல்லாரும் நெனப்போம், நானும் அப்பிடித்தான் நெனச்சேன், ஆனா அஞ்சு நிமிஷம் பாத்தா கண்ணு பழகிப்போவும், வீடியோ கேம் மாதிரி ஆயிரும், ரோடு நம்ம பக்கம் ஓடி வருது அவ்வளவுதான். ஹெலிகாப்டர்ல எடுத்தது அத விட மோசம், மலை மேல எறும்பு ஊருத மாதிரி பைய போவுது. தூரத்துல நின்னு பெரிய லென்ஸ் போட்டு எடுத்தா வண்டி வருது வருது வந்துட்டே இருக்கு, வேகமே தெரியாது, லென்ஸ் தூரத்த எல்லாம் சுருக்கி ஒட்ட வச்சிரும். உண்மையான அடி எங்க விழுதுன்னா ரோட்டோரம் தரையோட தரையா வச்சிருக்க கேமராவுல. ஒண்ணும் இல்ல, காலி ரோடு, புல்லு, குருவி சத்தம். தூரத்துல ஒரு வண்டு கத்துத மாதிரி கேக்குது. அது பெருசாவுது, பெருசாவுது, ஒரு சிவப்பு நிழல், ப்ளாப்னு காத்து அடிச்சு கேமராவே ஆடுது, அவ்வளவுதான், போயாச்சு, மறுபடியும் புல்லு. எங்க மாமா சாயா கிளாஸ வாய்ட்ட கொண்டு போனவரு அப்பிடியே நிறுத்திட்டாரு.

அப்புறம் ஸ்லோ மோஷன். வேகத்த காட்ட எதுக்கு ஸ்லோவா போடுதாவன்னு மொதல்ல எரிச்சலா இருந்துது, ஆனா ப்ரே ஹில்னு ஒரு இறக்கம் இருக்கு, வீடுகளுக்கு நடுவுல சரிஞ்சு இறங்கி அடிவாரத்துல சஸ்பென்ஷன் முழுசா அமுங்கி வண்டியே நசுங்குத மாதிரி ஆவும், அத மெதுவா பாத்தாதான் அந்த ஆளுக்க கைக்கும் கழுத்துக்கும் என்ன பாடுன்னு புரியுது. பல்லா பாலம்னு இன்னொரு இடம், சின்னப் பாலத்து மேட்டுல ரெண்டு டயரும் தரைய விட்டு சாடும். மாமா ராஜ்தூத் 350, ஆர்எக்ஸ் 100 எல்லாம் பிரிச்சு மேஞ்ச மெக்கானிக்கு, அவருக்க கவலையே வேற, "லே மருமோனே, இந்த சாட்டத்துக்கு செயின் எப்பிடிடே தாங்குது?"

ஆளுங்கள பத்தி வருவோம். கை மார்ட்டின்தான் படத்துக்கு ஹீரோ மாதிரி, லாரி மெக்கானிக், பெரிய கிருதா, டீ பைத்தியம், வாயத் தொறந்தா மூடமாட்டாரு. ஒரு டிடி ரேஸ்கூட ஜெயிச்சதில்ல. ஒரு ரேஸ்ல பிட் லேன், அதாவது நடுவுல பெட்ரோல் போட ஒதுங்குத பாதை, அதுல லிமிட்டு 60 கிலோமீட்டர், அத மயிரிழை தாண்டிட்டாருன்னு 30 செகண்ட் பெனால்டி போட்டாவ, மனுஷன் கொதிக்கியத பாக்கணும். 250ல பறக்கவனுக்கு 60ல ஃபைன், நம்மூரு போலீஸ்காரரு ஹெல்மெட்டுக்கு பிடிச்ச மாதிரி. ஆனா எனக்கு இங்கதான் படத்து மேல பெரிய குறை: அந்த வருஷம் ஒரே வாரத்துல அஞ்சு ரேஸ் ஜெயிச்சவரு இயன் ஹட்சின்சன், அதுக்கு முன்ன யாரும் செய்யாத காரியம், அவரு ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஓரமா வந்துட்டு போறாரு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், கேட்டியளா, சினிமாவுலயும் அதான். பேக்ரவுண்டுல பேசுத ஹாலிவுட் நடிகரு ஜாரெட் லெட்டோ குரலும் எனக்கு ஒட்டல, எல்லாத்தையும் மஹாபாரதப் போர் மாதிரி சொல்லுதாரு. கை மார்ட்டினுக்க இங்கிலீஷ் பாதி புரியல, சப்டைட்டில் போட்டுக்கோங்க.

பத்து பத்து செகண்ட் இடைவெளி விட்டு ஒவ்வொருத்தரா கிளப்பி விடுதாவ, கடிகாரத்தோடதான் போட்டி. அதனால யாரு முன்னால யாரு பின்னாலன்னு கண்ணால பாத்து தெரிஞ்சுக்க முடியாது, படத்துல எழுதிக் காட்டினாதான் தெரியும். போன்ல பாத்தப்ப எனக்கு போரடிச்சதுக்கு இதுதான் காரணம்னு இப்ப தோணுது.

விபத்து காட்சி உண்டு, மனசுக்கு ஆவாதவங்க பாத்துக்கிடுங்க. கடைசி ரேஸ்ல கை மார்ட்டின் விழுந்து பெட்ரோல் நிறைஞ்ச வண்டி தீக்கோளமா போவுது, ஆளு முதுகெலும்பு முறிவோட தப்பிச்சாரு. அதே நாளு கானர் கம்மின்ஸ்னு அந்தத் தீவுக்காரப் பயலே மலைச் சரிவுல உருண்டு போறத ஹெலிகாப்டர்ல இருந்து எடுத்திருக்காவ, நம்ம கண்ணு அவன் எங்க நிப்பான்னு தேடிட்டே இருக்கு, நிக்க மாட்டேங்கான். அவனும் பிழைச்சான். நியூசிலாந்து பால் டாப்ஸ் பிழைக்கல. அவருக்க மனைவி பிரிட்ஜெட் பேசுறாங்க, ரேஸையும் திட்டல, ரோட்டையும் திட்டல, தலைய நிமித்திட்டு பேசுறாங்க. அம்மா அதுவரைக்கும் "இவனுவளுக்கு எல்லாம் வீட்டுல ஆளில்லையா"ன்னு பிராகிட்டு இருந்தாவ, அந்த அம்மா வந்ததும் பேச்சே இல்ல. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது அம்மாவுக்கு. அந்த கோர்ஸ்ல இதுவரை செத்தவங்க 250க்கு மேல. இத தெரிஞ்சுட்டு த்ரில்லுன்னு கைதட்டுறது சரியான்னு சித்தி மோன் கேட்டான், எங்கிட்ட பதில் இல்ல, ஆனா அடுத்த வண்டி வந்தப்ப அவனும்தான் எட்டிப் பாத்தான்.

இது பிடிச்சுதுன்னா 2014ல வந்த 'ரோடு' படத்தையும் பாருங்க, வட அயர்லாந்து டன்லப் குடும்பத்து கதை. ஜோயி டன்லப் 26 டிடி ஜெயிச்சவரு, 2000ல எஸ்டோனியாவுல ரேஸ்ல செத்தாரு. தம்பி ராபர்ட் 2008ல, வட அயர்லாந்துல நடக்க நார்த் வெஸ்ட் 200ங்குற ரோடு ரேஸ் பிராக்டிஸ்ல. அப்பன் செத்து ரெண்டு நாள்ல மோன் மைக்கேல் அதே இடத்துல ரேஸ் ஓட்டி ஜெயிச்சான். பெரியப்பனுக்க 26 கணக்க அவன் 2024ல தாண்டிட்டான், அது படத்துல இல்லாத கதை. அந்தப் படம் இத விட கனம், சாயாவும் சிப்ஸும் வச்சு பாக்குற படம் இல்ல. கூட்டமா பாக்க க்ளோசர் டு தி எட்ஜ்தான் கொள்ளாம்.

காசு குடுத்து பாக்கலாமான்னா தாராளமா பாக்கலாம், ஆனா ஸ்பீக்கருக்கு வழி பண்ணிட்டு பாருங்க. ஸ்கிரீன் சின்னதானாலும் பரவாயில்ல, சத்தம் வேணும்.

எங்களுக்கு படம் முடிஞ்ச பிறவு மாமா விடல, "அந்தப் புல்லு ஷாட்ட இன்னொருக்கா போடுலே"ன்னு மூணு வாட்டி போட வச்சாரு. நாலாவது வாட்டி வண்டு சத்தம் தொடங்கும்போ கரண்டு போச்சு. ஒரே இருட்டு, தகரத்துல மழை. யாரும் எழும்பல. அப்ப பேச்சிப்பாறை பக்கத்துல இருந்து ஒரு வண்டி வருத சத்தம் கேட்டுது, மேட்டுல கியர் மாத்துது, வளைவுல அடங்குது, மறுபடி ஏறுது, எல்லாரும் காத தீட்டிட்டு இருக்கோம். வீட்டு முன்ன கடந்து போச்சு.

"ஸ்ப்ளெண்டரு," மாமா இருட்டுக்குள்ள இருந்து சொன்னாரு, "செயின் லூசு."