கஜாவில் விழுந்த மரங்கள், ஆறு மழைக்காலத்துக்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது, மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் கொல்லையில் இரண்டு தேக்கும் ஒரு பூவரசும் சாய்ந்தன. தென்னை போனது தனிக் கதை. வாசலில் கிடந்த ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான்கு எந்த ஊருக்குப் பறந்தன என்று இன்றுவரை தெரியாது. ஊரெங்கும் மரம் கிடந்ததால், வியாபாரி தேக்குக்கும் விறகு விலைதான் கேட்டார். வந்த கோபத்தில் விற்கவில்லை. உட்காரவாவது ஆகட்டும் என்று ஆசாரியைக் கூப்பிட்டேன்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் செய்த பெஞ்சையும் நாற்காலிகளையும் படம் பிடிக்கிறார்கள், ஆசாரி நம்பர் கேட்கிறார்கள். வாசலில் மரச் சாமான் போடுவதற்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. தாத்தாவின் சாய்வு நாற்காலியைத் தொண்ணூறுகளில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றிக் கொடுத்த குடும்பம் எங்களுடையது. அழகைப் பற்றி நான் பேசினால் எடுபடாது. வெயிலிலும் மழையிலும் கிடந்து என்ன ஆயின என்பதை மட்டும் சொல்கிறேன்.

பூவரசில் ஐந்தடி பெஞ்சு ஒன்று, தேக்கில் நாற்காலி இரண்டு. பெஞ்சு நம் ஊர் டீக்கடைப் பெஞ்சேதான், முதுகுக்கு ஒரு சாய்மானம் கூடுதல். நாற்காலி, அண்ணன் மகன் செல்போனில் காட்டிய அடிரான்டாக் என்ற அமெரிக்கச் சாய்வு நாற்காலி மாதிரி. நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்போர்ட்டில் 1903இல் தாமஸ் லீ என்பவர் தன் கோடைக்கால வீட்டுக்காக உருவாக்கியது. தச்சரான அவருடைய நண்பர் ஹாரி பனல் 1905இல் அதற்குத் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். இந்தக் கதையைச் சொன்னதும் ஆசாரி சிரித்தார். "நமக்கு கூலி வந்தா போதும் தம்பி."

ஆனால் அவசரப்பட அவர் விடவில்லை. பூவரசை மூன்று மாதம் குளத்தில் ஊறப்போட்டோம். மரத்திலுள்ள மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போனால் வண்டு துளைப்பது குறையும் என்பதற்காகப் பெரியவர்கள் செய்துவந்த வேலை அது. அறுத்த பலகைகளைக் குச்சி வைத்து அடுக்கி, கொட்டகை நிழலில் ஆவணி வரை காயவிட்டோம். வெள்ளைப் பகுதியைச் சீவித் தள்ளி, வைரம் பாய்ந்த நடுப்பகுதியை மட்டும் எடுத்தார். பாதி மரம் வீணாகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. சாய்மானத்தில் ஒரு சட்டத்தில் மட்டும் விரலகலம் வெள்ளை நின்றுவிட்டது. வண்டு சரியாக அந்த இடத்தைத்தான் பொடியாக்கியது.

நான் செய்த தப்பு வார்னிஷ். பளபளவென்று இருக்கட்டும் என்று ஆசாரி பேச்சையும் மீறி நாற்காலிகளுக்கு இரண்டு கோட் அடித்தேன். முதல் சித்திரை வெயிலில் வெடித்தது, ஐப்பசி மழையில் வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி, தோலுக்கு அடியில் மரம் கறுத்தது. உப்புத்தாள் போட்டுச் சுரண்டி எடுக்க நான்கு நாள். அதன் பிறகு எதுவும் பூசாமல் விட்டுவிட்டேன். தேக்கு இப்போது சாம்பல் நிறம். மரநாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருளை வெயில் மேல்பரப்பில் சிதைக்க, மழை அதைக் கழுவிவிடுவதால் வரும் நிறம் இது. உள்ளே மரம் அப்படியே இருக்கிறது, நகத்தால் கீறினால் பழைய பொன்னிறம் எட்டிப் பார்க்கும். பெஞ்சுக்கு மட்டும் வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய், அதுவும் மாசியில். ஒருமுறை புரட்டாசி கடைசியில் தேய்த்து, காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெஞ்சு முழுக்கக் கரும்புள்ளியாகப் பூஞ்சை.

மேலே என்ன பூசினோம் என்பதைவிட, கீழே கால் எதில் நிற்கிறது என்பதுதான் எங்கள் களிமண்ணில் கேள்வி. மரத்தின் வெட்டுமுனை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பின்னாலேயே கரையான் வரும். 2021இல் பெஞ்சின் பின்கால் ஒன்று அடியில் கூடாகிவிட்டது. அரையடி வெட்டி ஒட்டுப்போட்டு, நான்கு காலுக்கும் கருங்கல் துண்டு கொடுத்தேன். அடிமுனைகளில் கழிவு ஆயில் தடவியதில் கரையான் நின்றது, இரண்டு வேட்டியும் பாழானது.

இணைப்புகளில் மர ஆணி அடித்தவை ஆடவில்லை. அவசரத்துக்கு நான் அடித்த இரும்பு ஆணிகளைச் சுற்றித் தேக்கில் மைக்கறை மாதிரி கறுப்பு. போகவே மாட்டேன் என்கிறது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிக்குக் காசு பார்க்க வேண்டாம்.

சரி, உட்கார எப்படி? நாற்காலியின் அகலமான கையில் காபி டபரா வசதியாக நிற்கும், மழைநீர் சட்டங்களின் இடைவெளியில் வடிந்துவிடும், மத்தியானத் தூக்கத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. எழுந்திருப்பதுதான் பாடு. உட்காரும் பலகை பின்பக்கம் சரிந்து தாழ்வாக இருக்கிறது. அம்மா ஒரே ஒரு நாள் உட்கார்ந்தார். "இதுல உக்காந்தா நாலு பேரு வந்துதான்டா தூக்கணும்." என்ன அர்த்தத்தில் சொன்னாரோ, அன்றிலிருந்து பெஞ்சுதான் அவருக்கு. கீரை ஆய்வதும் அங்கேதான், பக்கத்து வீட்டு அத்தையோடு பேச்சும் அங்கேதான்.

அதனால் அடிரான்டாக் வேண்டும் என்று வருகிறவர்களை முதலில் அதில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொல்கிறேன். இதுவரை வந்த ஐந்து பேரில் மூன்று பேர் பெஞ்சுக்கு அளவெடுத்துக்கொண்டு போனார்கள்.