பிராட்பேண்ட் மாற்றி ஒரு வருடம் தாண்டிய பிறகு

தொலைபேசிக் கம்பி வழியாக வந்த பழைய இணைப்பை விட்டுவிட்டு வேறொரு நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போட்ட புதிதில் எழுதியிருந்தால் இது முழுக்க ஸ்பீட் டெஸ்ட் புராணமாக இருந்திருக்கும். இப்போது அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று தோன்றுகிறது.

எடுத்தது 200 எம்பிபிஎஸ் திட்டம். அது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால் நொடிக்கு 25 மெகாபைட். வைஃபையில் ஓரளவு சரியாக வந்தது, கேபிள் செருகிய கணினியிலோ 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்று அடம். கால் சென்டரில் ரவுட்டரை ரீசெட் செய்யச் சொன்னார்கள் (வேறென்ன சொல்வார்கள்!). கடைசியில் பார்த்தால் பழைய லேன் கேபிள்தான் காரணம். கிகாபிட் வேகம் (1000 எம்பிபிஎஸ்) ஓட உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேலை செய்ய வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடக்கூடும். உங்களுக்கும் 94-லேயே நிற்கிறதென்றால், சண்டை போடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

உண்மையான மாற்றம் அப்லோடில்தான். பழைய இணைப்பில் யாராவது ஃபோனில் படங்களை பேக்கப் போட ஆரம்பித்தால் போதும், என் வீடியோ கால் உறைந்துவிடும். இப்போது அந்தப் பேச்சே இல்லை. விளம்பரத்தில் டவுன்லோடு வேகத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அப்லோடு எவ்வளவு என்று நாமாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருமே முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே இணைய முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. வெளியே இருக்கும்போது வீட்டுச் சேமிப்புப் பெட்டியைத் திறந்து கோப்பு எடுப்பது என் வழக்கம். புது இணைப்பில் அது நின்றுபோனது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டுக்குள் இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எப்படி மாற்றினாலும் பலனில்லை. ரவுட்டருக்கு நிறுவனம் கொடுத்திருந்த வெளிப்பக்க (WAN) முகவரியைப் பார்த்தேன், 100.72 என்று ஆரம்பித்தது. சரி, புரிந்துவிட்டது. ஐபிவி4 என்ற பழைய இணைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறையச் சந்தாதாரர்களை உட்கார வைக்கின்றன. 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதி 2012-இல் இதற்காகவே ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து வருகிறவருக்குத் தெருப்பெயர் மட்டும் தெரியும், கதவு எண் தெரியாது என்பது போன்ற நிலை. முகவரியைப் பகிர்பவர்களில் யாராவது சேட்டை செய்தால், 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று தளங்கள் நம்மைப் படுத்துவதும் உண்டு. நிலையான ஐபி (நமக்கே நமக்கான பொது முகவரி) கேட்டால் மாதாமாதம் தனிக் கட்டணம் என்றார்கள். நம் கருவிகளைத் தனி வலையாக இணைத்துத் தரும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டுச் சமாளிக்கிறேன். படம் பார்க்கவும் பாட்டு கேட்கவும் மட்டும் இணையம் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இணைப்பு அறுந்தது மிகக் குறைவு. ஆனால் சில மாதம் கழித்து மாலை வேளைகளில் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது எரியவில்லை, அதனால் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்றே பதில் வந்தது. அப்புறம் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒளி அளவைப் பார்த்தேன். ஆரம்பத்தில் மைனஸ் 19 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு, மைனஸ் கூடக் கூட ஒளி குறைவு) இருந்தது மைனஸ் 27-ஐத் தொட்டிருந்தது. ஜிபான் என்ற வகை ஃபைபர் பெட்டிகளில் பலவற்றுக்கு அதுதான் எல்லை. இந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் டெக்னீஷியன் வந்தார். கதவு நிலையின் மூலையில் ஃபைபரை நறுக்கென்று மடித்து ஆணி அடித்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு அகலமாக வளைத்து விட்டதும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பொருத்திய அன்றே இந்த அளவை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு வாதாடுவதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

மின்சாரம் போனால் ஃபைபர் பெட்டியும் போய்விடும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி பெட்டி, ரவுட்டர் இரண்டையும் அதில் மாட்டியிருக்கிறேன். வாங்கும்போது இரண்டின் அடாப்டரிலும் ஆம்பியர் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாறுவதாக இருந்தால் புதியது ஒழுங்காக ஓடும்வரை பழையதைத் துண்டிக்க வேண்டாம். துண்டிக்கும்போது கோரிக்கை எண்ணை எழுத்தில் வாங்குங்கள், மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீதும். எனக்கு இணைப்பு நின்ற பிறகும் ஒரு பில் வந்தது, ரசீதைக் காட்டிய பிறகுதான் ரத்து செய்தார்கள்.