ஏர்ஃபைபரின் 1000 ஜிபி: ரெண்டு டிவி ஓடும் வீட்டுக்கு மாசம் முழுக்கத் தாங்குமா?

ஃபைபர் கேபிள் வராத தெருவில் இருப்பவர்களுக்கு ஏர்ஃபைபர், அதாவது 5ஜி டவரிலிருந்து காற்று வழியே வரும் வீட்டு இணையம், நல்ல வழி, அதில் சந்தேகமில்லை. மொட்டை மாடியில் டவரைப் பார்த்தபடி ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் ஒரு கேபிள், ஹாலில் ஒரு வைஃபை ரவுட்டர், அவ்வளவுதான். தெருவைத் தோண்டவோ கம்பம் கம்பமாகக் கேபிள் இழுக்கவோ வேண்டியதில்லை. ஏர்டெல் 2023 ஆகஸ்டில் டெல்லி, மும்பையில் தொடங்கியது. ஜியோ அடுத்த மாதமே, செப்டம்பர் 19 அன்று, சென்னை உட்பட 8 நகரங்களில் இறங்கியது. அறிமுக நாளில் ஜியோவின் 30 எம்பிபிஎஸ் வேகத் திட்டம் ரூ.599, 100 எம்பிபிஎஸ் ரூ.899, இரண்டுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது எம்பிபிஎஸ். வாங்குபவரும் அதை மட்டும்தான் பார்க்கிறார். ஆனால் மாதக் கடைசியில் வீட்டில் சண்டை மூட்டுவது விதிமுறைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் இன்னொரு எண்: மாதத்துக்கு 1000 ஜிபி என்ற டேட்டா வரம்பு. அதைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். கேபிள் வழி வரும் ஃபைபரில் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றிலுமே வழக்கமான வரம்பு 3300 ஜிபி. அதாவது ஏர்ஃபைபரில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 'அன்லிமிடெட்' என்ற சொல் இரண்டு விளம்பரத்திலும் இருக்கிறது. வரம்பு வைத்துவிட்டு அன்லிமிடெட் என்று எழுதுவது தவறு. அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், 1000 ஜிபி என்றும் போட வேண்டும்.

இந்த வித்தியாசத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. வழக்கமான ஃபைபரில் ஒரு இழையின் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். நெரிசல் வந்தால் இன்னொரு இழையைப் பற்றவைக்கலாம். ஏர்ஃபைபர் அப்படியல்ல. டவரின் அதே 5ஜி அலைவரிசையைத் தெருவில் போகும் எல்லா மொபைலும் பகிர்ந்துகொள்கிறது. அலைவரிசையை நினைத்தபோது கூட்ட முடியாது. இரவு 9 மணிக்குப் பத்து வீட்டில் 4கே (மிக உயர்ந்த தர வீடியோ) ஓடினால் அந்தப் பகுதியின் மொபைல்காரர்களும் திணறுவார்கள். அதனால் வரம்பு வைப்பதையே குறை சொல்ல முடியாது. எவ்வளவு, எப்படி என்பதில்தான் பேச்சு.

1000 ஜிபி என்றால் ஒரு நாளைக்கு 33 ஜிபி. இது போதுமா என்று பார்க்க ஒரே ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும்: எம்பிபிஎஸ்ஸை 0.45 ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வரும். 1080பி (முழு எச்டி) வீடியோ சுமார் 5 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 2.25 ஜிபி. யூடியூப் 4கே-வுக்குப் பரிந்துரைக்கும் 20 எம்பிபிஎஸ் என்றால் 9 ஜிபி. நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்கு எச்டி-க்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கே-வுக்கு 7 ஜிபி வரை.

நாலு பேர் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மத்தியானம் ஹால் டிவியில் இரண்டு மணி நேரம் சீரியல், 1080பி: 4.5 ஜிபி. ராத்திரி அதே டிவியில் மூன்று மணி நேரம் 4கே படமோ தொடரோ: 21 ஜிபி. உள்ளறை டிவியில் பிள்ளைகளுக்கு யூடியூப், மூன்று மணி நேரம்: 6.75 ஜிபி. மூன்று போன்களில் ரீல்ஸ், ஷார்ட்ஸ், ஆளுக்கு 1.5 ஜிபி என்று வைத்தால்: 4.5 ஜிபி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு வீடியோ மீட்டிங் மூன்று மணி நேரம்: 3 ஜிபி. கூட்டினால் ஒரு நாளைக்கு 39.75 ஜிபி, மாதத்துக்குச் சுமார் 1190 ஜிபி. இருபத்தாறாம் நாள் வரம்பு முடிந்துவிடும். இதில் யாரும் ஊதாரித்தனமாக எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதே வீட்டில் ராத்திரி ஓடும் அந்த 4கே-வை மட்டும் 1080பி ஆக்கினால், நெட்ஃபிளிக்ஸின் உச்சக் கணக்கான மணிக்கு 3 ஜிபி வைத்தாலும் 21 ஜிபி 9 ஆகிவிடும். மாதக் கணக்கு 832 ஜிபி. வரம்புக்குள் வந்துவிட்டது. மொத்தக் கதையும் அந்த ஒரு டிவியின் ஒரு செட்டிங்கில் இருக்கிறது.

4கே-வை விட்டுக்கொடுத்தால் படம் மங்கிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: 43 அங்குல டிவியை ஐந்தரை, ஆறு அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் 1080பி-க்கும் 4கே-வுக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தைச் சாதாரணக் கண்ணால் பிரிக்க முடியாது. நம் ஹால்களில் சோபா பத்தடி தள்ளித்தான் இருக்கும். எச்டிஆர், டால்பி விஷன் மாதிரி வண்ண மேம்பாடு பெரும்பாலும் 4கே-வோடு சேர்ந்தே வருவதால் அந்தப் பளிச்சென்ற நிறம் குறையும், அது உண்மைதான். பெரிய திரையில் பார்க்க வேண்டிய படங்களுக்கு 4கே-வை வைத்துக்கொள்ளுங்கள். சீரியலுக்கும் செய்திக்கும் அது வீண்.

நெட்ஃபிளிக்ஸில் இதை மாற்றும் இடம் டிவி ஆப்பில் இல்லை, அதனால்தான் பலருக்கும் கிடைப்பதில்லை. கம்ப்யூட்டரிலோ போன் பிரவுசரிலோ கணக்கைத் திறந்து, உங்கள் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, பிளேபேக் செட்டிங்ஸுக்குப் போனால் 'லோ', 'மீடியம்', 'ஹை', 'ஆட்டோ' என்று இருக்கும். 'மீடியம்' வைத்தால் மணிக்கு 0.7 ஜிபி வரைதான் போகும், ஆனால் படம் சாதாரணத் தரம். இடையில் 1080பி என்று தனியாக ஒரு தேர்வு இல்லாதது பெரிய குறை. 4கே வரும் பிரீமியம் திட்டத்திலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறங்குவதுதான் சுத்தமான வழி. அங்கே உச்சமே 1080பி, மாதச் செலவும் குறைகிறது. புரொஃபைல் ஒவ்வொன்றுக்கும் செட்டிங் தனித்தனி என்பதையும் மறக்க வேண்டாம். அப்பா புரொஃபைலில் மாற்றிவிட்டுப் பிள்ளைகள் புரொஃபைலை அப்படியே விட்டால் பயனில்லை. ஜியோவின் ரூ.1199 திட்டத்தோடு வந்த நெட்ஃபிளிக்ஸ் பேசிக் 720பி-யோடு நிற்கும். அதை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், டேட்டா மானிட்டரிங் என்று போய் அதை ஆன் செய்தால் படத்தின் தரத்தை அங்கேயே குறைக்கலாம். இத்தனை ஜிபி ஆனால் சொல் என்று எச்சரிக்கையும் வைக்கலாம், எந்த ஆப் எவ்வளவு தின்றது என்றும் காட்டும். ஆறு வருடப் பழைய டிவியின் சொந்த ஆப்பைவிடப் புது ஸ்டிக்கில் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஏவி1 கோடெக் (வீடியோவைச் சுருக்கும் புது முறை) தெரிந்த சாதனத்துக்கு அதே தரப் படத்தைக் குறைந்த டேட்டாவில் அனுப்ப முடியும், பழைய எச்.264 மட்டும் தெரிந்த டிவிக்கு முடியாது. எல்லாப் படமும் ஏவி1-ல் வருவதில்லை என்றாலும் யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் அதை நிறையவே பயன்படுத்துகின்றன.

யூடியூபில் பெரிய ஓட்டை ஆட்டோபிளே. டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் தூங்கிப்போனால் எட்டு மணி நேரத்தில் 1080பி-யிலேயே 18 ஜிபி போய்விடும், 4கே ஆக இருந்தால் 72. ஆட்டோபிளேயை நிறுத்துவதோடு டிவியின் ஸ்லீப் டைமரையும் வைத்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸிலோ ஸ்டிக்கிலோ பார்ப்பவர்கள் டிவியை மட்டும் ரிமோட்டில் அணைத்தால் பாக்ஸும் சேர்ந்து நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். சில வீடுகளில் திரை இருட்டாக இருக்கும், பின்னால் படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கிரிக்கெட் தனிக் கணக்கு. ஒரு ஐபிஎல் ஆட்டம் ஏறக்குறைய நாலு மணி நேரம். 15 எம்பிபிஎஸ் 4கே என்று வைத்தால் ஆட்டத்துக்கு 27 ஜிபி. சீசனின் 74 ஆட்டத்தையும் விடாமல் பார்த்தால் இரண்டு மாதத்தில் சுமார் 2000 ஜிபி, அதாவது ஏர்ஃபைபரின் இரண்டு மாத வரம்பும் கிரிக்கெட்டுக்கே சரி. வீட்டில் சிஎஸ்கே ரசிகர் இருந்தால் ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டுமாவது முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

டிவியைவிட ஏமாற்றுவது கேமரா. கிளவுடில் இடைவிடாமல் பதிவு செய்யும் கேமரா ஒன்று 1 எம்பிபிஎஸ் அனுப்பினாலே ஒரு நாளைக்கு 10.8 ஜிபி, மாதத்துக்கு 324 ஜிபி. 2 எம்பிபிஎஸ் என்றால் 648. மேலே 832-க்குக் கொண்டுவந்த வீட்டில் இப்படி ஒரே ஒரு கேமராவை மாட்டினாலும் மறுபடி வரம்பு தாண்டும். அப்லோடையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் கணக்கெடுக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மெமரி கார்டிலோ வீட்டுக்குள் இருக்கும் டிவிஆர் பெட்டியிலோ பதிவாகும் கேமரா இணையத்தைத் தொடாது. வெளியூரிலிருந்து போனில் பார்க்கும் நேரம் மட்டும்தான் டேட்டா போகும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு என்று வைத்தாலும் போதும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் அப்டேட் பகுதியின் கூடுதல் தேர்வுகளுக்குள் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று இருக்கிறது. இணையத்தில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களோடும் பகிரும்படி அது இருந்தால் உங்கள் அப்லோடில் யாருக்கோ அப்டேட் போகும். அணைத்துவிடுங்கள்.

இனி, அதிக வேகத் திட்டத்துக்கு மாறினால் பிரச்சினை தீருமா? தீராது. 100 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் ஓடினால் 1000 ஜிபி 22 மணி நேரத்தில் முடியும், 1 ஜிபிபிஎஸ்ஸில் இரண்டேகால் மணி நேரத்துக்குள். நிஜத்தில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை, 4கே படம் எந்த வேகத்திலும் அதே டேட்டாவைத்தான் எடுக்கும். ஆனால் ஆட்டோ தரத்தில் விட்ட ஆப், லைன் வேகமாக இருந்தால் உயர்ந்த தரத்துக்குத் தாவும். 30 எம்பிபிஎஸ்ஸில் இரண்டு டிவியும் ஒரே நேரத்தில் ஓடும்போது தரம் தானாகக் குறைந்து டேட்டா மிஞ்சிய வீடு, 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறியதும் வரம்பைத் தாண்டுவது இதனால்தான். வேகம் கூடும்போது வரம்பும் கூடாத திட்டத்துக்கு அதிகப் பணம் கொடுப்பது எங்கள் பார்வையில் தேவையற்ற செலவு.

வரம்பு தாண்டினால் என்ன ஆகும் என்பதும் திட்டத்தின் தரத்தைச் சொல்லும். ஏர்டெல் ஏர்ஃபைபரில் வேகம் 2 எம்பிபிஎஸ் ஆகும். பிராட்பேண்ட் என்ற பெயருக்கே குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை வரையறையை உயர்த்தியது, அதற்கு முன் அது 512 கேபிபிஎஸ். 2 எம்பிபிஎஸ்ஸில் யுபிஐ, வாட்ஸப் அழைப்பு, மெயில் எல்லாம் நடக்கும், 480பி-யில் ஒரு டிவி ஓடும். ரெண்டாவது டிவியைப் போட்டால் இரண்டிலும் வட்டம் சுற்றும். இந்த நாட்களில் போன்களின் போட்டோ பேக்கப்பை நிறுத்திவைத்தால் மீட்டிங்கில் குரல் வெட்டுவது குறையும். கூடுதல் டேட்டா பூஸ்டர் கிடைத்தால், புதுத் திட்டத்துக்குத் தாவுவதைவிட மாதக் கடைசி நாலு நாளுக்கு அதை வாங்குவது மலிவா என்று ஆப்பில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

1000 ஜிபி கொஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் ரிலையன்ஸ் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சொன்னபடி ஜியோஃபைபர் (ஜியோவின் கேபிள் வழி இணைப்பு) வீடு ஒன்றின் சராசரி மாதத்துக்கு 280 ஜிபி. ஒரு டிவி, எச்டி தரம் என்று இருக்கும் வீட்டுக்கு ஏர்ஃபைபர் தாராளம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் சராசரி நிற்காது. ஜியோஃபைபர் 2019 செப்டம்பரில் வந்தபோது ரூ.699 திட்டத்தின் அடிப்படை வரம்பு வெறும் 100 ஜிபி, ஒரே வருடத்தில் அது 3300 ஆனது. இன்று 1000 போதும் என்று வாங்குகிற வீட்டில் நாளை பெரிய டிவி வரும், கேமரா வரும்.

பிஎஸ்என்எல் பழைய பிராட்பேண்ட் திட்டங்களில் இரவு 2 முதல் 8 மணி வரை டேட்டா கணக்கில் சேராது, ஞாபகம் இருக்கலாம். அந்த ஏற்பாடு ஏர்ஃபைபருக்கு அப்படியே பொருந்தும். நள்ளிரவுக்குப் பிறகு டவர் சும்மாதான் இருக்கிறது. 100 ஜிபி கேம் டவுன்லோடு, அப்டேட், பேக்கப் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குத் தள்ள இன்றைய சாதனங்களுக்குத் தெரியும். நிறுவனங்களுக்கு நெரிசல்தான் கவலை என்றால் நெரிசல் இல்லாத நேரத்தை இலவசமாக விடட்டும். வாடிக்கையாளர்கள் இதைக் கேட்க வேண்டும்.

தெருவில் ஃபைபர் இருந்தால் ஃபைபரே போடுங்கள், அதே பணத்துக்கு மூன்று மடங்கு டேட்டா. இல்லையென்றால் ஏர்ஃபைபரைக் குறுகிய காலத் திட்டமாக எடுங்கள். ஜியோவில் ஒரு வருடத் திட்டம் எடுத்தால் ரூ.1000 நிறுவல் கட்டணம் தள்ளுபடி என்பது கவர்ச்சிதான், ஆனால் நடுவில் ஃபைபர் வந்தால் மாற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். முதல் மாதம் பத்தாம் நாள் ஆப்பைத் திறந்து பயன்பாட்டைப் பாருங்கள். 333 ஜிபி தாண்டியிருந்தால் அன்றே ஹால் டிவியின் தரத்தைக் குறையுங்கள். பெட்டி மாட்ட வருபவரிடம் மூன்று கேள்வி: அப்லோடும் கணக்கில் சேருமா, செட்டாப் பாக்ஸில் பார்க்கும் டிவி சேனல்களும் இந்த 1000-க்குள்தானா, தாண்டிய பிறகு வேகம் எவ்வளவு. அவருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.